விசாரித்துச் சொல்கிறேன்

சிகரெட்டை விடுவதற்காக நான் முதன்முதலில் வாங்கிய இ-சிகரெட் மாம்பழ வாசனை. நாற்பத்து மூன்று வயது ஆள், இருபத்திரண்டு வருடம் புகை பிடித்தவன், துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கின் பின்பக்கம் நின்றுகொண்டு மாம்பழப் புகை விட்டால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? தீர்ந்ததும் தூக்கியெறிகிற ரகம் அது. வாங்கும்போது விலை குறைவாகத் தெரியும். மூன்றே நாளில் தீர்ந்துபோய் அடுத்ததற்குக் கை அரிக்கும். இரண்டு மாதம் இப்படி ஓடியதில் சிகரெட்டும் குறையவில்லை, செலவும் குறையவில்லை.

எனக்குப் புத்தி சொன்னவர் ஷார்ஜா ரோலாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த ஒரு மலையாளி. "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்றுதான் முதலில் கேட்டார். "பன்னிரண்டு, சில நாள் பதினைந்து" என்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஜிகுஜிகுவென்று அடுக்கியிருந்த எதையும் அவர் எடுக்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து பேனா அளவில் ஒரு கறுப்புச் சாமானை எடுத்து வைத்தார். பொத்தான் கிடையாது, இழுத்தால் போதும். திரவத்தை நாமே நிரப்பிக்கொள்ளலாம், சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். மேகம் மாதிரிப் புகை விடுகிற பெரிய மெஷினெல்லாம் பையன்கள் படம் பிடிப்பதற்கு, சிகரெட் விடுகிறவனுக்குச் சிகரெட் மாதிரியே இறுக்கமாக இழுக்கிற சாமான்தான் சரி என்றார். வாசனையில் புகையிலையையே எடுக்கச் சொன்னார். பழ வாசனை எடுத்தால் வாய்க்கு ருசியாக இருக்கும், பிறகு அதையும் விட மனசு வராது. நிரப்பிய பிறகு பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற பஞ்சு கருகித் தொண்டையில் காறும். எல்லாம் சொல்லிவிட்டு, பில் போடும்போது, "ஊருக்குப் போகும்போது இதைக் கொண்டுபோகாதீங்க. இந்தியாவில் தடை" என்றார். சரி என்று தலையாட்டினேன். அப்போது ஊருக்குப் போகும் யோசனை எனக்கு இல்லை. ஆனால் காதில் விழுந்தது. விழவில்லை என்று இன்றைக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தக் கறுப்புச் சாமான் வேலை செய்தது. முதல் வாரம் ஐந்து சிகரெட்டானது, ஒரு மாதத்தில் ஒன்றுமில்லை. என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். உடனே அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். ஊரில் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிற என் மச்சான் என்னைவிடப் பெரிய புகைவண்டி. விடியற்காலையில் அவர் இருமுகிற சத்தத்தில் தெருவே எழுந்துவிடும் என்பார்கள். "மாப்ள, எனக்கும் ஒண்ணு வாங்கி யார்ட்டயாச்சும் குடுத்து விடுங்களேன்" என்றார்.

யாரிடமாவது கொடுத்து விடுவது என்பது இங்கே பெரிய காரியமே இல்லை. தொழிலாளர் தங்குகிற கேம்பில் ஒருவனுக்கு லீவ் கிடைத்தால் அவன் பெட்டியில் பாதி இடம் மற்றவர்களுடையது. பால் பவுடர், தலைவலித் தைலம், பிஸ்தா, சோப்பு, பிள்ளைகளுக்குச் சாக்லேட் என்று ஆளுக்கு ஒரு பார்சல் வந்துவிடும். கொண்டுபோகிறவன் கேள்வி கேட்க மாட்டான். ஒட்டிக் கொடுத்த பார்சலைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. பிரித்துப் பார்த்தால், உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

அப்போது லீவில் போகவிருந்தவன் எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், முப்பத்து நாலு வயது. எனக்கு ஆபீசில் பேப்பர் வேலை. டூட்டி நேரத்தில் என்னை "சார்" என்பான், பின்பக்கம் வந்தால் "அண்ணே" ஆகிவிடுவேன். அவனுக்குப் பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. சும்மா பேசுவதற்காக என் பக்கத்தில் வந்து நிற்பான். "இன்னிக்கி மாம்பழமா, கொய்யாவாண்ணே?" என்று அந்த மாம்பழக் காலத்தில் என்னை ஓட்டியதும் அவன்தான். மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு, தன் முறைக்குக் காத்திருந்தவன். ஒருவழியாக ஒரு பெண் அமைந்திருந்தது. இந்த லீவில் நிச்சயம் செய்துகொண்டு, கையோடு கல்யாணத்தையும் முடித்துவிடுவதாக ஏற்பாடு.

அந்தப் பெண்ணின் அம்மா எனக்குப் போன் செய்திருந்தார். மாப்பிள்ளை உள்ளூரில் இருந்தால் டீக்கடையில் விசாரிக்கலாம். கடல் தாண்டி இருந்தால், கூட வேலை பார்க்கிற யாருடைய நம்பரையாவது வாங்கித்தான் விசாரிக்க வேண்டும். இவன் என் நம்பரைக் கொடுத்திருந்தான். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, சம்பளம் கூட முன்னப் பின்ன இருக்கட்டும். சிகரெட்டு பழக்கம் உண்டான்னு மட்டும் சொல்லுங்க. எம்புள்ளையோட அப்பா அதுலதான் போனாரு. மூணு வருசம் மூச்சு வாங்கி வாங்கி." நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்: "அம்மா, அவனுக்குப் பாக்குப் போடுற பழக்கம்கூடக் கிடையாது." அந்த அம்மா போனிலேயே என்னை வாழ்த்தினார்.

ஆக, எனக்கு எல்லாமே தெரியும். இந்தியாவில் தடை என்று தெரியும். அந்த வீட்டில் சிகரெட் என்ற சொல்லையே கேட்கமாட்டார்கள் என்று தெரியும். இருந்தும் ரோலா கடைக்குப் போய் மச்சானுக்கு அதே ரகத்தில் ஒரு சாமானும் இரண்டு புட்டி திரவமும் வாங்கினேன். கடைக்காரர் மறுபடி எச்சரித்துவிடப் போகிறாரே என்று, எனக்குத்தான் என்று சொல்லி வாங்கினேன். புது லுங்கி ஒன்றில் சுருட்டி, பால் பவுடர் டின்னோடு சேர்த்து அட்டைப்பெட்டியில் வைத்து, நாலு சுற்று டேப் ஒட்டினேன். வழக்கமாகப் பார்சல் மேல் பெயரும் போன் நம்பரும் எழுதுவோம். இதில் எழுதவில்லை.

"என்னண்ணே, பேரு எழுதலயா?" என்று கேட்டான்.

"என் மச்சான் நம்பர்தான் உங்கிட்ட இருக்குல்ல, போதும்."

அவன் பெட்டியைக் கையில் தூக்கி எடை பார்த்தான். அவன் கேட்காமலே நானாகச் சொன்னேன், "பால் பவுடர், ஒரு லுங்கி, அப்புறம் ஒரு ஷேவிங் மெஷின்." ஏன் சொன்னேன்? யாரும் கேட்கவில்லையே. பேச்சோடு பேச்சாக வாயிலிருந்து வந்துவிட்டது என்று பல மாதம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது அப்படி வரவில்லை. முதல் நாளே யோசித்து வைத்துக்கொண்ட பொய் அது.

ஊரில் விமானம் இறங்கியது காலை பத்து மணிக்கு. அவனை அழைத்துப்போக ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். மரியாதைக்காகப் பெண்ணின் தாய்மாமனும் கூட வந்திருந்தார். உள்ளே ஸ்கேனில் பேட்டரி மாதிரி ஏதோ தெரிகிறதென்று சுங்கத்தில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். லுங்கிக்குள்ளிருந்து சாமான் வெளியே வந்தது. யாருடையது என்று கேட்டபோது அவன் தன்னுடையது என்றான். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். சாமானைப் பறிமுதல் செய்து, நாலு மணி நேரம் உட்கார வைத்து, எச்சரித்து அனுப்பினார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். வெளியே தாய்மாமனோ பொறுமை இல்லாமல் போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டு, ஏதோ தடை செய்த சிகரெட் மெஷினோடு பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் அவன் எனக்குப் போன் செய்தான். "ஒண்ணும் பயப்படாதீங்கண்ணே, விட்டுட்டாங்க. உங்க பேரு, மச்சான் பேரு எதுவும் சொல்லல. சாமான்தான் போச்சு." என் சாமான் போனதற்கு அவன் வருத்தம் தெரிவித்தான். நான் "பரவால்ல, பரவால்ல" என்றேன். பெருந்தன்மையாக அவனை மன்னித்தேன் என்றுகூடச் சொல்லலாம். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குள் மச்சானுக்கும் செய்தி போய்விட்டது. "மாப்ள, நான் கவர்மெண்டு வேலைல இருக்கவன். எம்பேரு எதுலயும் வந்துறக் கூடாது" என்றார் நடுங்கிக்கொண்டே. நான் கைபேசியில் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். சிறை என்ற சொல் வந்த இடத்திலேயே நின்றுகொண்டேன். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பெண்டாட்டி பிள்ளை முன்னால் என்னை ஓரமாக நிற்க வைப்பது போலெல்லாம் கற்பனை ஓடியது. "என்னங்க, ஏன் சாப்பிடல?" என்று மனைவி கேட்டாள். வேலை அதிகம் என்றேன்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில் அந்த அம்மாவின் போன் வந்தது. குரலில் முதல் தடவை இருந்த குழைவு இல்லை.

"தம்பி, நடந்தது கேள்விப்பட்டிருப்பீங்க. என் தம்பி வந்து சொன்னாரு. ஆபீசர்ட்ட தன்னோடதுன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. எங்கள்ட்ட, என்னுது இல்ல, அண்ணன் குடுத்து விட்டதுங்கிறாரு. எது நெசம்? அது உங்க சாமானா தம்பி?"

ஆமாம்மா என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேறு எதுவும் தேவையில்லை. சட்டம் தொலைபேசிக்குள்ளிருந்து கை நீட்டி என்னைப் பிடிக்கப்போவதில்லை. கேட்டது ஒரு பெண்ணைப் பெற்றவர், காவல் நிலையம் இல்லை. என் வாயிலிருந்து வந்தது இது:

"அப்படியா சொல்றான்? எனக்குத் தெரியலம்மா. விசாரிச்சுச் சொல்றேன்."

 "சரி தம்பி" என்று அந்த அம்மா வைத்துவிட்டார்.

யாரை விசாரிப்பது? என்னை நானேதான் விசாரிக்க வேண்டும். ஒன்பது நாள் விசாரித்தேன். மச்சானின் வேலையை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒரு நாள் தோன்றும். போன் பேச்சைப் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று மறுநாள் தோன்றும். இரண்டு நாள் போனால் அவர்களே சமாதானம் ஆகிவிடுவார்கள் என்று அதற்கடுத்த நாள். உண்மையில் எனக்குப் பயம், அவ்வளவுதான். மச்சானை முன்னால் நிறுத்தி அவர் முதுகுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். இதில் இன்னொரு கேவலமும் உண்டு. அந்த ஒன்பது நாளும் நான் மறுபடி சிகரெட் பிடித்தேன். வேலைக்குப் போகிற வழியிலேயே பாதிப் பெட்டி காலியாகும்.

பத்தாம் நாள் தைரியம் வந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, அது என்னோட சாமான்தான். நான்தான் பொய் சொல்லிக் குடுத்து விட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"வேற எடத்துல பேசி முடிச்சாச்சு தம்பி. நேத்துதான் பாக்கு வெத்தல மாத்துனோம்" என்றார். கோபப்படவில்லை. "உங்களத்தான தம்பி நம்பிக் கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். முதல் தடவை கேட்டதைச் சொன்னாரா, இரண்டாம் தடவை கேட்டதையா என்று எனக்கு விளங்கவில்லை.

லீவ் முடிந்து அவன் வந்தான். கல்யாணமாகி வருகிறவனுக்கு ரூமில் பிரியாணி போடுவார்கள். இவனுக்கு யாரும் எதுவும் போடவில்லை, எல்லோரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அவனோ நேராக என் மேஜைக்கு வந்து ஒரு பையை வைத்தான். என் மாமியார் வீட்டில் கொடுத்து விட்ட அதிரசமும் வடகமும். அந்த நிலைமையிலும் என் மச்சான் வீட்டுக்குப் போய் அதை வாங்கிச் சுமந்து வந்திருக்கிறான். "வருத்தமா இருக்குப்பா" என்றேன். "விடுங்கண்ணே. நமக்கு எழுதல" என்றான். அந்தப் பத்தாம் நாள் போனைப் பற்றி நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் முதல் போனையும் சொல்ல வேண்டுமே. அந்த அம்மா என்னிடம் கேட்டதே அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது.

அதிரசத்தை மனைவியும் மகளும் சாப்பிட்டார்கள். என்னால் முடியவில்லை. சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, கிடங்கின் பின்பக்கம் புகை பிடிப்பதற்கென்று ஒதுக்கிய கொட்டகையில் அவன் நின்றிருப்பதைப் பார்த்தேன். பேச வந்து நிற்கிறான் என்று முதலில் நினைத்தேன். விரலிடுக்கில் சிகரெட் இருந்தது. என்னைப் பார்த்ததும் மறைக்கக்கூட இல்லை. "இதுக்குத்தான பேரு வாங்குனேன், பிடிச்சுத்தான் பார்ப்பமேன்னு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த வாயால் நான் வேண்டாம் என்று சொல்வது?

ஒரு வருடம் போயிற்று. போன மாதம் அவன் என்னிடம் வந்தான். வேறு ஒரு வரன் வந்திருக்கிறதாம். லீவுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் சிகரெட்டை விட்டுவிட வேண்டுமாம். "உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். விலை கம்மியா நல்லதா ஒண்ணு பார்த்துக் குடுங்கண்ணே. ஊருக்குக் கொண்டுபோக மாட்டேன், பயப்படாதீங்க."

விடுமுறை நாளில் ரோலாவுக்கு வரச் சொன்னேன். கடைக்காரர் அவனிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை என்று. "எட்டு" என்றான். நான் கல்லூரி வாத்தியார் மாதிரி விளக்கிக்கொண்டே போனேன். தூக்கியெறிகிறது வேண்டாம். இது நிரப்புகிறது. பஞ்சு கருகினால் மாற்றிப் போடுகிற உதிரி உறிஞ்சி எல்லாக் கடையிலும் கிடைக்கிற ரகமாகப் பார்த்து எடு, இல்லாவிட்டால் சாமான் மலிவு, உறிஞ்சி கொள்ளை விலை என்று ஆகிவிடும். எட்டு சிகரெட்டுக்கு எனக்குக் கொடுத்த அளவு நிக்கோடின் வேண்டாம், அதில் பாதி போதும். மாதா மாதம் குறை. நாலு மாதத்தில் இதுவும் கையில் இருக்கக் கூடாது. அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பணத்தை நான் கொடுக்கப் போனேன். என் கையை ஒதுக்கிவிட்டு அவனே கொடுத்தான்.

துபாய் பஸ் நிற்கிற இடம் வரை கூட நடந்தேன். மனது கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. ஏதோ பரிகாரம் செய்துவிட்டவன் போல ஒரு தைரியமும் வந்தது. "இந்தத் தடவை பொண்ணு வீட்ல விசாரிக்கணும்னா என் நம்பரையே குடு. நான் பேசுறேன். எல்லாம் நல்லபடியா முடியும்" என்றேன்.

அவன் நின்றான். பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"வேணாம்ணே. வேற ஆளு நம்பர் குடுத்துட்டேன்."

"ஏம்ப்பா?"

சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தான். அவன் குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது.

"அன்னிக்கி அந்த அம்மா உங்களுக்குப் போன் பண்ணுனப்ப நான் அவங்க வீட்லதாண்ணே உட்கார்ந்திருந்தேன். நான்தான் பண்ணச் சொன்னேன். அண்ணன் ஒரு வார்த்த சொல்லுவாரு, கேளுங்கன்னு. எல்லாருக்கும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டாங்க."

பஸ் வந்துவிட்டது. "வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு ஏறினான். ஒரு வருடத்துக்கு மேலாக, எல்லாம் தெரிந்துகொண்டே, தினமும் அவன் என்னை அப்படித்தான் அழைத்திருக்கிறான். ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினான், நானும் காட்டினேன்.